ஒரு சதுர மீட்டர்

நாலு பிளாஸ்டிக் குழாய், நாலு முழங்கை இணைப்பு.
தலைஞாயிறு ஹார்டுவேர் கடையில் நூற்றறுபது ரூபாய்.
ரசீது இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.

அந்தச் சட்டத்தை வயலில் வீசி
உள்ளே விழுந்ததை எண்ணுவது எங்கள் வேலை,
எனக்கும் ஷபீராவுக்கும்.
விதைத்து இருபத்தெட்டாம் நாள்.
அடப்பாற்றில் முறைத்தண்ணீர் வந்து
கணுக்கால் அளவு நிற்கிற ஐப்பசி.

நெல், முப்பத்து நாலு.
கோரை, பத்தொன்பது.
ஆரைக்கீரையை நாலிலை நாலிலையாக எண்ணினால்
பொழுது சாய்ந்துவிடும்.
"நிறையன்னு எழுது" என்கிறாள்.
படிவத்தில் நிறையவுக்குக் கட்டம் இல்லை.

அப்புறம் குதிரைவாலிப் புல்.
நெல்லின் பச்சையை உடுத்திக்கொண்டு
நெல்லுக்கு நடுவிலேயே நிற்கும்.
கணுவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்:
நெல்லுக்கு அங்கே ஒரு சின்ன நாக்கு உண்டு,
இதற்குக் கிடையாது.
நாக்கில்லாததுதான் பந்தியில் முதலில் எழுகிறது.
பதினொன்று.

மாசிலாமணி யூரியா இறைத்தது நெல்லை நினைத்து.
சேற்றுக்குள் வேர்கள்
யாருக்கு என்று விசாரிக்கவில்லை.
எது நீளமாகப் போனதோ அது எடுத்துக்கொண்டது.
மேலே வெயிலிலும் அதே கதை:
அரை விரற்கடை உயர்ந்துவிட்டால்
பக்கத்து இலைக்கு மிச்சம் நிழல்தான்.

மேற்கே கோதண்டபாணியின் வயல் வெடித்துக் கிடக்கிறது.
ராத்திரி ரெண்டு மணிக்கு
மடையை அடைத்தது யார் என்று
காலையிலிருந்து சத்தம்.
அங்கே சட்டத்துக்குள் புல் நாற்பத்தொன்று.
தண்ணீர் நிற்காத இடம் களைக்கு மாமியார் வீட்டு விருந்து.
அது பழுத்து உதிரும், மழை வரும்,
விதை வரப்பேறி இந்தப் பக்கம் மிதக்கும்.
அதற்கு மடை போட முடியுமா என்று
மாசிலாமணியை நான் கேட்கவில்லை.
என் படிவத்தில் அந்தக் கேள்வியும் இல்லை.

சாப்பாட்டு நேரம். வாய்க்காலில் பறவைகள்.
நாரைக்கு ஆழம், மடையானுக்குக் கரையோரம்,
மீன்கொத்திக்குக் கரண்டுக் கம்பி,
டிராக்டர் கிளப்பிய பூச்சி உண்ணிக்கொக்குக்கு.
கால் நீளத்துக்குத் தக்க பங்கு.
எந்தப் பஞ்சாயத்தும் கூடவில்லை.
"நம்மாளுங்க இதப் பாத்துக் கத்துக்கணும்"
என்றேன், புளிச்சோற்றை மென்றுகொண்டே.
ஷபீரா சிரித்தாள்.
போன சித்திரையில் இதே வாய்க்காலில்
ஒரே ஒரு குட்டை மிஞ்சியிருந்ததாம்.
ஒரு ஜிலேபிக் கெண்டையை
நாரை தலைப்பக்கமும் மடையான் வால்பக்கமும்
இழுத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.
மீன் யாருக்குக் கிடைத்தது?
"பருந்துக்கு."

பங்குனியோடு திட்டம் முடிகிறது.
அதற்கப்புறம் இருப்பது ஒரே ஒரு இடம்.
கடிதம் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அவளுக்குக் கணுவைத் தொட்டாலே தெரியும்,
நான் கண்ணருகே கொண்டுபோக வேண்டும்.
என் கணக்கு தப்பாது,
அவளுக்குக் கூட்டல் உதைக்கும்.
இருவரும் இருந்தால் ஒரு ஆள் என்று
மேலதிகாரியிடம் சொல்லிப் பார்க்கலாம்.
சம்பளமும் ஒரு ஆளுக்குத்தான் இருக்கும்.

கடைசிச் சட்டம்
மாசிலாமணி வயலில் வரப்பை ஒட்டி விழுந்தது.
ஒரு புல் சரியாகக் குழாயின் மேல் சாய்ந்திருந்தது.
விதி எளிது:
இடப்பக்கக் கோட்டில் நின்றால் சேர்,
வலப்பக்கமானால் விடு.
நான் வரப்பில், அவள் எதிரே தண்ணீரில்.
"சேக்கணும்" என்றேன்.
"விடணும்" என்றாள்.
கொஞ்ச நேரம் இருவருமே சரியாக இருந்தோம்.

பிறகு அவள் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.
இருவர் நிற்க அந்த வரப்பு அகலமில்லை.
ஆளுக்கு ஒரு காலைச் சேற்றில் இறக்கினோம்.
அவள் பாதத்தடியில் நெல் ஒன்று,
என் பாதத்தடியில் ரெண்டு.